அமெரிக்க விடுதலைப் போரில் வலியும் இடமும் காலமும்: ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அமைந்திருந்த 13 குடியேற்றங்கள் பிரித்தானியப் பேரரசை எதிர்த்து நடத்திய போர் 1775 ஏப்ரல் 19இல் தொடங்கியது. 1783 செப்டம்பர் 3இல் கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கையோடு முடிந்தது. இப்போரில் வலிமை குன்றிய தரப்பு எவ்வாறு வென்றது என்னும் வினாவுக்குப் பொதுவாக இரண்டு விடைகள் கூறப்படுகின்றன. உழவர்களும் கைவினைஞர்களும் விடுதலை வேட்கையால் ஒரு பேரரசின் படையை வீழ்த்தினர் என்பது ஒன்று. பிரான்சு நாட்டின் உதவியே வெற்றி தந்தது என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. எனினும் இரண்டும் முழுமையானவை அல்ல. முதல் விடை, வென்றவர் அடைந்த தோல்விகளை மறைத்துவிடுகிறது. இரண்டாம் விடை, பிரான்சு நாட்டின் உதவி வரும்வரை மூன்று ஆண்டுகள் அவர்கள் எவ்வாறு தாக்குப்பிடித்தனர் என்பதை விளக்கவில்லை.

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களும் 48, 49, 50 என அடுத்தடுத்து வைக்கப்பெற்றுள்ளன. செய்யக் கருதிய செயலின் வலிமை, தன் வலிமை, மாற்றானின் வலிமை, இருதரப்புக்கும் துணையாவாரின் வலிமை ஆகிய நான்கையும் சீர்தூக்க வேண்டும் என்பது வலியறிதல் அதிகாரத்தின் தொடக்கக் கருத்து. இப்பகுப்பை இக்கட்டுரை சான்றாகக் கொள்ளவில்லை. வினா எழுப்பும் கருவியாக மட்டுமே கொள்கிறது. ஒரு தரப்பிடம் இருக்கும் படை, பணம், கப்பல் ஆகியவற்றின் மொத்த அளவு அதன் வலிமை ஆகாது. அவற்றுள் எவ்வளவை உரிய இடத்துக்கு உரிய காலத்தில் கொண்டுசேர்க்க முடிந்ததோ அதுவே வலிமை என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். இதே போரின் ஒரு பகுதி சோழமண்டலக் கரையிலும் நடந்தது. ஆதலின், அக்கரையின் நிகழ்ச்சிகளோடு ஒப்பிட்டு இக்கருத்துச் சோதிக்கப்படுகிறது.

செயலின் வலிமை

இருதரப்பும் ஒரே போரில் ஈடுபட்டிருந்தாலும் இருவர்க்கும் உரிய செயல் ஒன்றன்று. பிரித்தானியா தன் ஆட்சியை மீண்டும் நிலைநிறுத்த வேண்டியிருந்தது. அதற்குப் போர்க்களத்தில் வெல்வது மட்டும் போதாது; வென்ற ஊர்களைக் காக்கவும், மக்களை மீண்டும் குடிமக்களாக ஏற்கச் செய்யவும், வரி தண்டவும் வேண்டும். குடியேற்றத்தாருக்கோ தம் படை முற்றிலும் அழியாமல் இருந்தாலே போதும். இவ்வேறுபாட்டை ஜார்ஜ் வாஷிங்டன் 1776ஆம் ஆண்டின் தோல்விகளுக்குப் பின் தெளிவாக உணர்ந்தார். அதன் பின்னர் அவர் படையின் இருப்பையே பணயம் வைக்கும் போர்களைப் பெரும்பாலும் தவிர்த்தார்.

ஐரோப்பியப் போர்முறையில் தலைநகரைக் கைப்பற்றுதல் வெற்றிக்கு அடையாளம். பிரித்தானியப் படை 1776 செப்டம்பரில் நியூயார்க்கையும், 1777 செப்டம்பர் 26இல் பேரவை கூடிய பிலடெல்பியாவையும், 1780 மே 12இல் சார்லஸ்டனையும் கைப்பற்றியது. பிலடெல்பியா வீழ்ந்ததும் பேரவை வேறோர் ஊருக்குச் சென்று கூடியது, போர் தொடர்ந்தது. 13 குடியேற்றங்களுக்கும் தனித்தனி அவைகளும் நிர்வாகமும் இருந்தமையால், ஓர் ஊரின் வீழ்ச்சி நாட்டின் வீழ்ச்சியாக மாறவில்லை.

பேரரசின் வலிமை

பிரித்தானியாவின் மக்கள்தொகை அக்காலத்தில் ஏறத்தாழ 80 இலட்சம். குடியேற்றங்களின் மக்கள்தொகை ஏறத்தாழ 25 இலட்சம். பின்னவருள் ஐந்தில் ஒரு பகுதியினர் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்க வழியினர். பேரரசிடம் உலகின் மிகப் பெரிய கடற்படை இருந்தது. கடன் திரட்டவல்ல நிதி அமைப்பு இருந்தது. பயிற்சியும் ஒழுங்கும் மிக்க நிலையான தரைப்படை இருந்தது. 1776 கோடையில் நியூயார்க்கு அருகே இறக்கப்பட்ட 30,000க்கும் மேற்பட்ட வீரர்கள், அதுவரை பிரித்தானியா கடல்கடந்து அனுப்பிய படைகளுள் மிகப் பெரிய படையினர் ஆவர்.

எனினும் போர் தொடங்கிய 1775இல் பிரித்தானியத் தரைப்படையின் பதிவேட்டு எண்ணிக்கை ஏறத்தாழ 48,000 மட்டுமே. அப்படையும் அயர்லாந்து, ஜிப்ரால்டர், மேற்கிந்தியத் தீவுகள், கனடா எனப் பல இடங்களில் சிதறிக் கிடந்தது. இக்குறையை ஈடுசெய்ய ஹெஸ்ஸே-காசெல், பிரன்ஸ்விக் முதலிய ஜெர்மானியச் சிற்றரசுகளிடமிருந்து போர்க்காலம் முழுமையிலும் ஏறத்தாழ 30,000 வீரர்கள் பெறப்பட்டனர். மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை எனப் படையை ஆறாகப் பகுக்கும் நம் மரபின்படி நோக்கினால், பேரரசு மூலப்படையோடு கூலிப்படையைச் சேர்த்துப் போரிட்டது எனலாம். அயல்நாட்டுக் கூலிப்படையை ஏவியது, அதுவரை மன்னரோடு இணங்கிப்போக விரும்பிய குடியேற்றத்தார் பலரையும் விலகச் செய்தது. படைவலியைப் பெருக்கிய செயலே பகைவலியையும் பெருக்கிற்று.

வெடிமருந்தில் பேரரசின் மேலாண்மை தெளிவானது. வெடிமருந்தின் முதன்மைக் கூறான வெடியுப்பு பீகாரில் மிகுதியாகக் கிடைத்தது. 1757ஆம் ஆண்டின் பிளாசிப் போரை அடுத்து அவ்வணிகம் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிடிக்குள் வந்தது. பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் வெடித்த பிரித்தானியத் துப்பாக்கிகளுக்குப் பின்னால் கங்கைச் சமவெளியின் உப்பும் இருந்தது என்பது இந்திய வரலாறு பயில்வோர் கருதத்தக்கது.

குடியேற்றத்தாரின் வலிமையும் குறையும்

குடியேற்றங்களில் ஊர்தோறும் ஆயுதம் வைத்திருந்த குடிமக்களைக் கொண்ட நாட்டுப்படை இருந்தது. 1775 ஜூன் 14இல் பேரவை, கண்டப்படை எனப்பட்ட நிலையான படையையும் உருவாக்கியது. அடுத்த நாளே வாஷிங்டன் அதன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1775 ஜூன் 17இல் நடந்த பங்கர் ஹில் போரில் குன்றை இழந்தவர் குடியேற்றத்தாரே. ஆனால் அதைக் கைப்பற்றிய பிரித்தானியருள் 1,000 பேருக்கு மேல் மாண்டோ காயமுற்றோ வீழ்ந்தனர். இழந்த வீரனுக்கு மாற்றாக இன்னொருவனைக் கடல் கடந்து கொணர வேண்டிய படைக்கு இத்தகைய வெற்றி தாங்கவொண்ணாத விலையாகும்.

நீள்குழல் கொண்ட ரைபிள் துப்பாக்கியே குடியேற்றத்தாருக்கு வெற்றி தந்தது என்பது பரவலான கருத்து. 200 கஜத் தொலைவிலும் குறி தவறாத அத்துப்பாக்கியைக் கெட்டிக்க நேரம் பிடித்தது. அதன் முனையில் பயனெட் என்னும் கத்தியைப் பொருத்தவும் இயலவில்லை. பிரித்தானியரின் மஸ்கெட் துப்பாக்கி 100 கஜத்துக்கு அப்பால் நம்பத்தக்கதன்று. ஆயினும் விரைந்து சுட்டு, பின் கத்திமுனையோடு பாயும் அணிக்கு அதுவே ஏற்றது. கண்டப்படையினரில் பெரும்பாலோரும் மஸ்கெட்டையே ஏந்தினர். ஆகவே வேறுபாட்டை ஆயுதத்தில் தேடுவது பொருந்தாது.

குடியேற்றத்தாரின் குறைகள் கடுமையானவை. பல வீரர்களின் பணிக்காலம் 1776 டிசம்பர் 31 அன்று முடிவதாக இருந்தது. அவர்கள் வீடு திரும்புமுன் ஒரு வெற்றி வேண்டும் என்னும் நெருக்கடியிலேயே டிசம்பர் 26 அன்று டிரென்டனில் வாஷிங்டன் ஜெர்மானியப் படைப்பிரிவைத் தாக்கி ஏறத்தாழ 900 பேரைச் சிறைப்பிடித்தார். 1777-78 பனிக்காலத்தில் வேலி போர்ஜ் பாசறையில் ஏறத்தாழ 2,000 பேர் நோயால் மாண்டனர். பகைவர் குண்டு அங்கு ஒருவர்மீதும் பாயவில்லை. பேரவை அச்சிட்ட பணத்தாள் மதிப்பிழந்து 1780 மார்ச்சில் 40க்கு 1 என்னும் வீதத்தில் அதிகாரமுறையாகவே குறைக்கப்பட்டது. ஊதியம் பெறாத பென்சில்வேனியப் படைப்பிரிவினர் 1781 ஜனவரியில் கலகம் செய்தனர்.

இவற்றினிடையே இரண்டு செயல்கள் படையைக் காத்தன. பெரியம்மைச் சீழைச் சிறிதளவு உடலில் ஏற்றி அந்நோயைத் தடுக்கும் முறையைப் படை முழுவதற்கும் கைக்கொள்ளுமாறு 1777இல் வாஷிங்டன் ஆணையிட்டார். வேலி போர்ஜில் பிரஷ்யப் படைமரபில் வந்த ஸ்டூபென் வீரர்களுக்கு ஒழுங்கான பயிற்சி அளித்தார். நாட்டுப்படையாகத் தொடங்கியது மூலப்படையின் தன்மையை இவ்வாறு படிப்படியாகப் பெற்றது.

இடமும் காலமும்

இலண்டனுக்கும் போர்க்களத்துக்கும் இடையே ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் கடல் இருந்தது. மேற்கு நோக்கிய பயணம் பெரும்பாலும் இரண்டு மாதங்களுக்கும் மேலாக நீடித்தது. அமெரிக்க நடவடிக்கைகளுக்குப் பொறுப்பேற்றிருந்த அமைச்சர் ஜார்ஜ் ஜெர்மெயின் எழுதிய ஆணை களத்தை அடைவதற்குள் களத்தின் நிலை மாறிவிடும். படைக்கு வேண்டிய மாவும் உப்பிட்ட இறைச்சியும் அயர்லாந்தின் கார்க் துறைமுகம் வழியாகப் பெருமளவில் வந்தன. சுற்றிலும் விளைநிலம் இருந்தும், அதைக் கைக்கொள்ளப் படை துறைமுகத்தை விட்டு வெளியேற வேண்டும். வெளியேறினால் நாட்டுப்படை வழிமறிக்கும்.

இடனறிதல் அதிகாரத்தில் வரும் முதலை உவமை இவண் நினையத்தக்கது. கடலோரத்தில் பிரித்தானியப் படையை வெல்வது அரிது. உள்நாட்டில் அதன் நிலை வேறு. 1777இல் கனடாவிலிருந்து தெற்கு நோக்கிக் காட்டுவழியே வந்த தளபதி பர்கோயின், குதிரையும் உணவும் தேடி அனுப்பிய பிரிவு ஆகஸ்ட் 16இல் பென்னிங்டன் அருகே அழிந்தது. அவரை வலுப்படுத்தியிருக்கக்கூடிய ஹோவின் பெரும்படை அதே கோடையில் ஒரு மாதம் கடலில் பயணம் செய்து பிலடெல்பியாவை நோக்கிச் சென்றது. அக்டோபர் 17இல் சரட்டோகாவில் பர்கோயின் ஏறத்தாழ 6,000 பேரோடு சரணடைந்தார். இரு படைகளும் மன்னருடையவையே. ஆனால் அவை ஒரே இடத்தில் ஒரே காலத்தில் இல்லை.

தெற்கிலும் இதே பாடம் மீண்டது. 1781 மார்ச் 15இல் கில்போர்ட் போர்க்களத்தில் கார்ன்வாலிஸ் வென்றார். ஆயின் ஏறத்தாழ 1,900 பேர் கொண்ட அவர் படையில் கால் பங்குக்கு மேல் வீழ்ந்தது. எதிர்த்துப் போரிட்ட நத்தானியேல் கிரீன் களங்களை இழந்துகொண்டே நாட்டை மீட்டார்.

காலம் குடியேற்றத்தார் பக்கமே இருந்தது என்று கூறுவதும் முற்றிலும் சரியன்று. மேலே சுட்டிய பணமதிப்பு வீழ்ச்சியும் படைக்கலகமும் காலம் இருபுறமும் அறுக்கும் வாள் என்பதைக் காட்டுகின்றன. குடியேற்றத்தாருக்குத் தேவைப்பட்டது காலநீட்டிப்பு மட்டுமன்று. அக்காலத்துக்குள் துணை வந்துசேர்தலும் ஆகும்.

துணையின் வலிமை

1778 பிப்ரவரி 6இல் பிரான்சு அமெரிக்கரோடு உடன்படிக்கை செய்தது. அதற்கு முன்பே போலி வணிக நிறுவனம் ஒன்றின் பெயரில் நாடக ஆசிரியர் போமார்ஷே துப்பாக்கிகளும் வெடிமருந்தும் அனுப்பிவந்தார். போரின் முதல் ஆண்டுகளில் குடியேற்றத்தார் பயன்படுத்திய வெடிமருந்தில் மிகப் பெரும்பகுதி அயலிலிருந்து வந்ததே. 1779இல் ஸ்பெயினும் 1780 டிசம்பரில் ஆலந்தும் போருக்குள் வந்தன. பிரித்தானியா தன் கரையையும், மேற்கிந்தியத் தீவுகளையும், ஜிப்ரால்டரையும், இந்தியாவையும் ஒருங்கே காக்க வேண்டியதாயிற்று. கப்பல்களின் எண்ணிக்கை குறையவில்லை. அவை நிற்க வேண்டிய இடங்கள் பெருகின.

1781 செப்டம்பர் 5இல் செசபீக் விரிகுடா வாயிலில் பிரஞ்சுத் தளபதி தெ கிராசின் 24 கப்பல்கள் பிரித்தானியரின் 19 கப்பல்களை எதிர்கொண்டு திருப்பி அனுப்பின. யார்க்டவுனில் கடலை நம்பி நின்ற கார்ன்வாலிசுக்குக் கடல்வழி அடைபட்டது. முற்றுகையிட்ட தரைப்படையில் ஏறக்குறையப் பாதிப்பேர் பிரஞ்சு வீரர். அக்டோபர் 19இல் 7,000க்கும் மேற்பட்டோர் சரணடைந்தனர். நீருக்குள்ளேயே முதலை வெல்லப்பட்ட நாள் இது. கடலாட்சி சில வாரங்கள், ஒரே ஓர் இடத்தில் கைமாறியதே போரை முடித்தது.

துணைவலியில் பேரரசுக்கும் பங்கு உண்டு. மன்னருக்குப் பற்றாக நின்ற குடியேற்றத்தார் பல்லாயிரவர் அதன் படையில் சேர்ந்தனர். வர்ஜீனியாவின் ஆளுநர் டன்மோர், கிளர்ச்சியாளரின் அடிமைகள் தம் பக்கம் வந்து போரிட்டால் விடுதலை என்று 1775 நவம்பரில் அறிவித்தார். இரோக்குவாய்க் கூட்டமைப்பில் மோஹாக், செனெக்கா முதலிய இனத்தார் பெரும்பாலும் பிரித்தானியரோடும், ஒனைடா இனத்தார் அமெரிக்கரோடும் நின்றனர். ஆயினும் மன்னர் பற்றாளரைப் படை முன்னேறும்போது வெளிப்படச் செய்வதும், பின்வாங்கும்போது பகைவரிடம் விட்டுச்செல்வதும் வழக்கமாயிற்று. காக்கப்படாத துணை நாளடைவில் துணையாக நிற்பதில்லை.

சோழமண்டலக் கரையில் அதே போர்

பிரான்சு போரில் இறங்கியதன் விளைவு சில மாதங்களில் தமிழகக் கரையை எட்டியது. 1778 அக்டோபரில் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றினர். 1779இல் மாகியைக் கைப்பற்றியது ஹைதர் அலியின் சினத்தைத் தூண்டியது. 1780 ஜூலையில் கருநாடகப் பகுதிக்குள் புகுந்த அவருடைய படை, செப்டம்பர் 10இல் காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் பெய்லியின் ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட பிரிவை அழித்தது. இதனைச் சரட்டோகாவோடு ஒப்பிடலாம். அங்கும் இங்கும் பேரரசின் ஒரு படைப்பிரிவு, அருகிலிருந்த மற்றொன்றின் உதவி கிட்டாமல் அழிந்தது.

ஆயினும் விளைவு வேறாயிற்று. 1780 நவம்பரில் வங்கத்திலிருந்து பணத்தோடும் படையோடும் அயர் கூட் கடல்வழியே சென்னை வந்துசேர்ந்தார். 1781 பிப்ரவரியில் அவர் கடலூரில் ஹைதரின் படையால் சூழப்பட்டு, உணவுக்குக் கடலையே நம்பியிருந்தார். அப்போது பிரஞ்சுக் கடற்படை அக்கரையில் நின்றது. ஹைதரின் வேண்டுகோளையும் மீறித் தளபதி தோர்வ் அதை மொரீசியசுக்குத் திருப்பிச் சென்றார். கடல்வழி திறந்தது, கூட் பிழைத்தார், ஜூலை 1இல் பரங்கிப்பேட்டையில் வென்றார். அதே ஆண்டில் செசபீக்கில் பிரஞ்சுக் கப்பல்கள் நின்றன, கார்ன்வாலிஸ் வீழ்ந்தார். கடலூரில் அவை நில்லாது சென்றன, கூட் தப்பினார். வலிமை என்பது உரிய இடத்தில் உரிய காலத்தில் நிற்பதே என்பதற்கு இவ்விணையைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இரண்டாவது வேறுபாடு இன்னும் ஆழமானது. கூட்டின் படையில் பெரும்பகுதியினர் இந்நாட்டுச் சிப்பாய்கள். அவர்தம் செலவுக்கு வங்க வருவாய் உதவியது. அமெரிக்காவில் கடல்கடந்து கொணர வேண்டியிருந்த ஆளும் பணமும் இங்கே இந்நாட்டிலேயே கிடைத்தன. அங்கே பேரரசுக்கு எதிராக நின்ற நாட்டுவலி, இங்கே கூலிப்படையாகவும் வரிப்பணமாகவும் அதற்கே துணைநின்றது.

1782 பிப்ரவரி முதல் 1783 ஜூன் வரை சுப்ரனும் ஹியூசும் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர் உள்ளிட்ட ஐந்து இடங்களில் கடலில் மோதினர். பிரித்தானியாவும் பிரான்சும் 1783 ஜனவரி 20இல் முதற்கட்ட அமைதி உடன்பாட்டில் கையெழுத்திட்டுவிட்டன. அச்செய்தி அறியாமல், ஐந்து மாதங்கள் கழித்து ஜூன் 20இல் கடலூர்க் கடற்போர் நடந்தது; செய்தி ஜூன் இறுதியில்தான் வந்தது. முடிந்துபோன போருக்காகக் கடலூரில் வீரர்கள் மாண்டனர். ஊர்கள் எரிந்து விளைச்சல் அழிந்த நிலையில், 1782இல் சென்னைப் பகுதியைப் பஞ்சம் வாட்டியது. அமெரிக்க விடுதலைக்கு நம் கரையின் மக்கள் கொடுத்த, எவரும் கணக்கில் கொள்ளாத விலை இது.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் பின்வருவன பெறப்படுகின்றன. பேரரசின் வலிமை பொய்யன்று. ஆனால் அது தொலைவால் தேய்ந்தும், பல களங்களால் பிரிந்தும் போனது. குடியேற்றத்தாரின் வலிமை ஆயுதத்திலோ எண்ணிக்கையிலோ இல்லை. எளிய இலக்கிலும், சொந்த நிலத்திலும், அழியாது காக்கப்பட்ட படையிலும் இருந்தது. அவ்வலிமை தோல்வியைத் தவிர்க்கப் போதுமானது. வெற்றிக்குக் கடல்வழித் துணை தேவைப்பட்டது. அத்துணையும் உரிய காலத்தில் உரிய இடத்தில் நின்றபோதே பயன்பட்டது.

யார்க்டவுனில் தோற்ற கார்ன்வாலிஸ் 1786இல் இந்தியாவின் தலைமை ஆளுநராக வந்தார்; 1792இல் திப்பு சுல்தானைப் பணியவைத்து அவர் நாட்டில் பாதியைப் பிரித்தார். மனிதர் ஒருவரே; பேரரசும் ஒன்றே. அவருக்கு இங்கே கிடைத்த துணைகளே வேறு. புதுச்சேரியில் எழுதப்பெற்ற இரண்டாம் வீராநாயக்கர் நாட்குறிப்பு 1778 முதல் 1792 வரையுள்ள காலத்துக்கு உரியது. அது தொடங்கும் ஆண்டு அமெரிக்கப் போர் நம் கரைக்கு வந்த ஆண்டு. முடியும் ஆண்டு கார்ன்வாலிசின் வெற்றி ஆண்டு. அத்தகைய தமிழ் ஆவணங்களை உள்ளூர்ச் செய்திக் களஞ்சியமாக மட்டும் கருதாமல், உலகப் போர் ஒன்றின் சான்றுகளாகவும் வாசிக்க வேண்டும். அவ்வாசிப்புத் தமிழாய்வாளர் முன் நிற்கும் பணியாகும்.